பறவைக் காய்ச்சல்: கோழி வளர்ப்பவர், வாங்குபவர், சமைப்பவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் குட்டநாட்டில் வாத்து செத்தது என்று ஒரு செய்தி வந்தால் போதும், நாமக்கல் பக்கம் போன் ஓயாது. முட்டை விலை இறங்குமா என்று பண்ணைக்காரர் கேட்பார். பிரியாணி சாப்பிடலாமா என்று சென்னையிலிருந்து மச்சான் கேட்பார். ‘கொல்லையில ரெண்டு கோழி சுருண்டு கிடக்குது, என்ன பண்றதுங்க?’ என்று கேட்பவர்தான் குறைவு. முதலில் வர வேண்டிய கேள்வி அதுதான்.

நான் மருத்துவர் இல்லை. கோழித் தீவனத் தொழிலில் இருப்பவன். வீட்டில் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பல வருடமாக என் காதுக்கு வந்த கேள்விகளும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட பதில்களும் கீழே.

பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு வைரஸ். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வது ராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குஞ்சுக்கு லசோட்டா சொட்டு விடுவதும், எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி போடுவதும் அதற்காகத்தான். பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃபுளூயன்சா ஏ வகை வைரஸ். மனிதருக்கு வரும் ஃபுளூ காய்ச்சலுக்குப் பங்காளி முறை. அதில் பல ரகம் உண்டு. செய்தியில் அடிபடும் எச்5என்1 கோழிக்குக் கொடியது.

சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் பல சமயம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கழுத்து திருகும், கழிச்சல் போகும், தீனி எடுக்காது. பறவைக் காய்ச்சலில் கொண்டை நீலம் பாரித்துக் கறுக்கும், தலை வீங்கும், காலில் ரத்தப் புள்ளி தெரியும், நேற்று வரை இட்ட கோழி தோல்முட்டை இடும். சில சமயம் இது எதுவுமே இல்லாமல் சாயங்காலம் கூடையில் அடைத்த கோழி காலையில் விறைத்துக் கிடக்கும். ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதி. ‘எனக்குத் தெரியும், இது வெறும் கழிச்சல்தான்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

இது எங்கிருந்து வந்தது?

இப்போது உலகம் சுற்றும் எச்5என்1 வம்சம் 1996ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையில் முதலில் பிடிபட்டது. மறு வருடம் ஹாங்காங்கில் கோழியிலிருந்து மனிதருக்குத் தாவி, 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் ஹாங்காங் அரசு சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் கோழிகளைக் கொன்றது. அப்போதைக்கு அடங்கியது. 2003க்குப் பிறகு தென்கிழக்காசியாவில் மறுபடி கிளம்பி, காட்டுப் பறவைகளோடும் கோழி வியாபாரத்தோடும் சேர்ந்து கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது.

இந்தியாவுக்கு வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோழிக்கும் இந்த நோய் இல்லை. ஆனாலும் முட்டையைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. நோயைவிட வதந்தி வேகமாக லாரி ஏறும் என்பதை நாமக்கல் அன்று படித்துக்கொண்டது. 2008ல் மேற்கு வங்கத்தில் பெரிய அளவில் வந்தபோதும் இதே கதை.

குட்டநாட்டில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

2014 நவம்பர், 2016, 2021 ஜனவரி, 2024 ஏப்ரல் என்று ஆலப்புழைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறது. 2016லும் 2021லும் வந்தது எச்5என்8 என்ற வேறு ரகம், மற்றவை எச்5என்1.

அந்த ஊரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல். எங்கு திரும்பினாலும் காயல், ஓடை, தேங்கிய தண்ணீர். நெல் அறுத்ததும் சிந்திய மணியைப் பொறுக்க வாத்துகளை இறக்குவார்கள். சாரா, செம்பல்லி என்று அந்த மண்ணுக்கே உரிய வாத்து இனங்கள். ஒரு பாடசேகரத்தில் (வயல் தொகுதியில்) மேய்ந்து முடித்தால் அடுத்ததற்குப் படகிலோ வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போவார்கள். அதே தண்ணீரில்தான் பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகளும் இறங்குகின்றன. காட்டு வாத்து பலவற்றுக்கு இந்த வைரஸ் ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்குக் கழித்துக்கொண்டு பறந்துபோகும். எச்சத்தில் வைரஸ், எச்சம் தண்ணீரில், தண்ணீரில் நம் வாத்து. குளிர்ச்சியான இடத்தில் எச்சத்துக்குள் ஒரு மாதத்துக்கு மேல்கூட அது உயிரோடு இருக்கும். 37 டிகிரி வெயிலில் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

காலமும் சதி செய்கிறது. கேரளத்தில் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் வாத்துக்கறி இல்லாமல் விருந்து இல்லை. ஆகவே நோய் வரும் அதே மாதங்களில்தான் வயலில் வாத்து நிரம்பி வழியும். 2024ல் எடத்துவா, செருதனை ஊராட்சிகளில் ஆரம்பித்து, அடுத்த மாதம் நிரணத்தில் இருக்கும் அரசு வாத்துப் பண்ணைக்கே வந்துவிட்டது. கதவு போட்டுக் காவல் வைத்த பண்ணைக்கே அந்த நிலை என்றால், திறந்த வயலில் மேய்ப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அது கேரளா. நமக்கென்ன?

நாமக்கல் வட்டாரத்தில் ஒரு நாளைக்கு 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது என்பது கணக்கு. அதில் கணிசமான பங்கு கேரளத்துக்குப் போகிறது. முட்டை போகும் லாரி சும்மா வராது. காலி டிரேக்களோடு திரும்பி வரும். அட்டை டிரேயில் ஒட்டிய எச்சம், டயரில் ஒட்டிய சேறு, டிரைவர் செருப்பு மூன்றும் வைரஸுக்குப் பயணச்சீட்டு மாதிரி. அதனால்தான் அங்கே நோய் என்றதும் வாளையார், குமுளி, புளியரை, களியக்காவிளை சோதனைச் சாவடிகளில் வண்டிக்கு மருந்து தெளிக்கிறார்கள். சிலர் அதைச் சடங்கு என்று கிண்டல் செய்கிறார்கள். டயரைக் கழுவாமல் மேலாகத் தெளித்தால் சடங்குதான். சேற்றை அடித்துக் கழுவிவிட்டு மருந்து அடித்தால் வேலை செய்யும். கிருமிநாசினி எதுவானாலும் சகதிக்குள் இறங்காது.

2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டப் பண்ணைகளிலும் வந்தது. அதாவது வடக்கும் மேற்கும் இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது.

மனிதருக்கு வந்தால் செத்துவிடுவோமா?

மனிதருக்கு வருவது அபூர்வம். வந்தால் கடுமை. 2003 முதல் 2025 வரை உலகம் முழுக்க உறுதிசெய்யப்பட்ட எச்5என்1 நோயாளிகள் ஏறத்தாழ 990 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதால் உண்மை விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். அமெரிக்காவில் 2024ல் ஆரம்பித்து 70 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்கள். அவர்களில் பலருக்குக் கண் சிவந்ததோடு சரி.

இந்தியாவில் எச்5என்1 காரணமாக முதல் மரணம் 2021 ஜூலையில். ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன், டெல்லி எய்ம்ஸில். 2025ல் ஆந்திரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் கறி வெட்டும்போது பச்சைக் கோழித் துண்டைக் குழந்தை வாயில் வைத்ததாகச் செய்திகள் சொல்லின. கறி வெட்டுபவர் பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்து ‘வேடிக்கை பாரு சாமி’ என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் எத்தனை!

இந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகத் தொற்றும் திறனை இன்னும் பெறவில்லை. நம் மூக்கு தொண்டைக்குள் ஒட்டிக்கொள்ள அதற்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. நுரையீரலின் அடியாழத்தில்தான் பிடி. அதனால் உள்ளே போவதும் கடினம், போனால் இருமலில் வெளியே வருவதும் கடினம். அந்தப் பிடி மாறிவிடக் கூடாது என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை. கற்பனைக் கவலை இல்லை அது: 1957லும் 1968லும் உலகைச் சுற்றிய கொள்ளைக் காய்ச்சல் இரண்டும் பறவை வைரஸும் மனித வைரஸும் மரபணு கலந்து பிறந்தவை.

சிக்கன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். 70 டிகிரி செல்சியஸ் சூடு கறியின் உள்ளே வரை போய்விட்டால் வைரஸ் செத்தது. நம் குழம்பு கொதிப்பது 100 டிகிரி. பிரியாணி, வறுவல், பிச்சிப்போட்ட கோழி எதற்கும் பயம் வேண்டாம். கிரில், தந்தூரியில் எலும்பை ஒட்டி ரத்தச் சிவப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்து வேக வைக்கச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லாத நாளிலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

உலகம் முழுக்க நோய் கண்டவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடை வருகிறது: சீக்குக் கோழியை அல்லது செத்த கோழியைத் தொட்டார்கள், மயிர் பிடுங்கினார்கள், குடல் எடுத்தார்கள். கம்போடியாவில் 2023 பிப்ரவரியில் ஒரு பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். அதன் பிறகு அந்த நாட்டில் வரிசையாக வந்தவற்றில் பலவும் கொல்லைக் கோழி செத்து, அதைச் சமைத்த வீடுகள். குழம்பு கொதித்தபோது ஆபத்து முடிந்துவிட்டது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முற்றத்தில் சுடுதண்ணீரில் முக்கி மயிர் பிடுங்கியபோது இருந்தது.

கறியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவுகிறோமே, போதாதா?

மஞ்சள் ருசிக்கும் வாடைக்கும் நல்லது, வைரஸைக் கொல்லாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் சிதறி, பக்கத்தில் வைத்திருக்கும் கொத்தமல்லி வரை போகும். கழுவியே தீருவேன் என்பவர்கள் (நம் வீடுகளில் யார் கேட்கப்போகிறார்கள்!) பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, கறியை உள்ளே போட்டு மெதுவாக அலசுங்கள். அந்தத் தண்ணீரை நேராகச் சாக்கடையில் ஊற்றுங்கள், செடிக்கு வேண்டாம். கோழி அங்கேதான் கிளறும். அரிவாள்மனை, வெட்டுப்பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்புச் சட்டை. சோப்பு அந்தச் சட்டையைக் கிழித்துவிடும். அதே பலகையில் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள்.

நாட்டுக்கோழியை மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவது தோலை மட்டும்தான் சுடும். உள்ளே பச்சைக்கறிதான்.

முட்டை?

வேகவைத்த முட்டை, இரண்டு பக்கமும் வெந்த ஆம்லெட், முட்டைக் குழம்பு: தாராளமாக. சத்துணவில் குழந்தைகளுக்குப் போடும் அவித்த முட்டையைப் பற்றியும் பயம் வேண்டாம். ஆப்பாயில், கலக்கி, மஞ்சள் கரு ஓடும் முட்டை எல்லாம் நோய்ச் செய்தி அடங்கும் வரை வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து, ஓட்டிலேயே நல்லெண்ணெய் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சையாகக் குடிக்க வைப்பது இன்றும் நடக்கிறது. முட்டை சத்துதான், மறுக்கவில்லை. அவித்துக் கொடுத்தால் சத்து ஓடிப்போகாது. ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கும் இதே பதில். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததன் காரணம் வேறு, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா. ஆனால் பாடம் ஒன்றுதான்.

வாங்கிய முட்டையின் ஓட்டில் எச்சம் ஒட்டியிருந்தால் உடைப்பதற்குமுன் துடைத்து, பிறகு கையைக் கழுவுங்கள்.

வீட்டுக் கோழி திடீரென்று செத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு தை மாதம் அம்மாயி வீட்டில் இருந்தேன். காலையில் இரண்டு கோழி கூடைக்குள் செத்துக் கிடந்தன. மூன்றாவது ஒன்று திண்ணையோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அம்மாயி அரிவாள்மனையை எடுத்துவிட்டார். “சாகறதுக்குள்ள அறுத்துரலாங் கண்ணு, வீணாப் போகுதில்ல.” செத்த இரண்டையும் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். “மாரியம்மன் கோயில் நாய்க்குப் போட்டுட்டா அது தின்னுட்டுப் போகுது.”

அம்மாயியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோழி என்பது அவருக்கு அவசரத்துக்கு விற்கும் நகை மாதிரி. சாகப்போகும் நகையை உருக்கிக்கொள்ள நினைத்தார். ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். இல்லாவிட்டால் விடியும்முன் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நோய் ஊர்விட்டு ஊர் போவது இந்த இரண்டு வழியிலும்தான்.

அன்றைக்கு நாங்கள் செய்தது இது. அரிவாள்மனையை வாங்கி உள்ளே வைத்தேன். வெறுங்கையால் தொடாமல், கையில் இரண்டு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, செத்ததைப் பைக்குள் போட்டுக் கட்டி நிழலில் நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன். மற்ற கோழிகளை அடைத்தேன். சித்தி பையனை அந்தப் பக்கமே வரக்கூடாது என்றேன். பிறகு கால்நடை மருந்தகத்துக்குப் போன் அடித்தேன். முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள்தான் ஆள் வந்தார். வந்தவர் மூக்கிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்தார், செத்த ஒன்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் வெள்ளைக்கழிச்சல் என்று வந்தது. அம்மாயிக்கு இன்னும் என்மேல் கோபம்: “வெறுங் கழிச்சலுக்கா எம்பட கோழியப் பொதச்ச?”

நீங்களும் அதையே செய்யுங்கள். துண்டுக்குப் பதில் என்95 முகக்கவசம் இருந்தால் நல்லது. தமிழ்நாட்டில் கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். ஒரு கோழி செத்தால் யாரும் ஓடிவர மாட்டார்கள், நியாயம்தான். இரண்டு நாளுக்குள் நாலைந்து செத்தாலோ, பக்கத்து வீட்டிலும் சாகிறது என்றாலோ, காகமும் சேர்ந்து விழுகிறது என்றாலோ காத்திருக்காதீர்கள். தகவல் சொல்வது உபகாரம் மட்டுமில்லை. கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் 2009ன்படி வளர்ப்பவரின் கடமை.

செத்ததை எப்படிப் புதைப்பது?

ஆள் வந்து மாதிரி எடுக்கும்வரை புதைக்காமல் வையுங்கள். அதன் பிறகு கிணறு, போர், வாய்க்காலுக்குத் தள்ளி ஆளுயரக் குழி. கீழே சுண்ணாம்பு, மேலே சுண்ணாம்பு, நாய் கிளறாதபடி மண்ணை மிதித்து ஒரு கல். கோழி கிடந்த இடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள். உடுத்திய துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். ஆற்றில், ஏரியில் வீசுவது மகா தப்பு.

சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே!

இந்தப் பயத்தால்தான் பலர் மூடி மறைக்கிறார்கள். நடைமுறை இது: மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழி, வாத்து, காடை எல்லாவற்றையும் கொன்று அகற்றுவார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு, விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் தடை. கழிச்சல் என்று வந்தால் ஒன்றும் நடக்காது.

கொல்லப்படும் பறவைக்கும் அழிக்கப்படும் முட்டை, தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போடுகின்றன. கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் கீழ் 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் சந்தை விலைக்கு இது எந்த மூலைக்கு? பணம் கைக்கு வரத் தாமதம் என்ற குறையும் உண்டு. ஏற்கெனவே செத்துப்போனதற்கு இழப்பீடு கிடையாது என்பது பொது விதி. சீக்கிரம் சொன்னவருக்கு உயிரோடிருக்கும் பறவைக்குக் காசு வரும். மறைத்தவருக்கு அதுவும் இல்லை. நியாயமான விலையை உடனே கொடுத்தால் பாதி நோய் மறைப்பு தானாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

கோழிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் என்ன?

சீனா பல வருடமாகப் போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்குப் போடுகிறது. இந்தியாவில் எச்5என்1க்கு அனுமதி இல்லை. எச்9என்2 என்ற மந்த ரகத்துக்கு மட்டும் உண்டு. காரணம்: ஊசி போட்ட கோழி சாகாமல் வைரஸைச் சுமந்துகொண்டு திரியலாம், கண்டுபிடிப்பது கடினமாகும், ஏற்றுமதியும் அடிபடும். இருபக்கமும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு நம் கையில் இருப்பது வலையும் வாளியும்தான்: தீவனத்தொட்டிக்குக் காட்டுப் பறவை வராதபடி வலை, ஷெட் வாசலில் கால் முக்கும் மருந்துத் தண்ணீர், ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு. வாத்தையும் கோழியையும் ஒன்றாக வளர்க்காதீர்கள். வாத்து நோயைக் காட்டாமலே கோழிக்குக் கொடுத்துவிடும். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரமாவது தனியாகக் கட்டுங்கள்.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கலாமா?

வைக்கலாம், கொஞ்சம் தள்ளி. 2024ல் ஆலப்புழையில் காகங்களுக்கும் நோய் வந்தது. செத்த கோழியைக் கொத்தித் தின்னும் காகம் முதலில் விழும். ஒருவகையில் ஊருக்கு எச்சரிக்கை மணி அதுதான். பக்கத்தில் நோய் என்று செய்தி வந்தால், சோற்றைக் கைப்பிடிச்சுவரில் சமையல் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காமல் மொட்டைமாடி மூலையில் இலையில் வையுங்கள். குடிதண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். எச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். செத்த காகத்தைக் குழந்தைகள் குச்சியால் புரட்டி விளையாட விடாதீர்கள். முன்னோருக்கு இதில் வருத்தம் இருக்காது.

பூனை, நாய்?

பூனைக்கு வரும், வந்தால் பெரும்பாலும் சாகும். நாய்க்கு அபூர்வம். நாக்பூர் அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்த நோயால் இறந்தன. அமெரிக்காவில் நோய் கண்ட மாட்டின் பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. பச்சைக் கோழிக்கழிவை வாங்கிப் பூனைக்குப் போடுபவர்கள் வேகவைத்துப் போடுங்கள்.

பாலிலுமா வரும்?

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டுபிடித்தபோது எல்லோரும் அதிர்ந்துதான் போனார்கள். பாலைப் பதப்படுத்தினால் வைரஸ் செத்துவிடுகிறது. நாம் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிப்பவர்கள் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேவல் கட்டுக்குப் போகிறவர்களுக்கு?

சேவலை மார்போடு அணைப்பது, அதன் மூச்சு நம் முகத்தில் படுவது, காயத்தை வெறுங்கையால் துடைப்பது எல்லாமே நெருக்கம். தாய்லாந்தில் சண்டைச் சேவலின் தொண்டைச் சளியை வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. பல ஊர்ச் சேவல் ஒரே களத்தில் கூடுவது நோய்க்குத் திருவிழா. பக்கத்து மாவட்டத்தில் நோய் என்றால் அந்த வருடம் சேவலை வீட்டிலேயே கட்டுங்கள்.

கறிக்கடையில், பண்ணையில் வேலை செய்கிறேன். என்ன பாதுகாப்பு?

உங்களுக்குத்தான் உண்மையான பாதுகாப்பு தேவை, உங்களுக்குத்தான் கிடைப்பதில்லை. மயிர் பிடுங்கும் டிரம் சுற்றும்போது பொடிப்பொடியாகத் தெறிப்பதை நேர் முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும் பையன்களைத் தினமும் பார்க்கிறேன். முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ் இவ்வளவும் முதலாளி வாங்கித் தர வேண்டியவை. வேலை முடிந்து குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வேலை நடுவே முகத்தைத் துடைப்பது, பீடி பற்றவைப்பது, டீ குடிப்பது எல்லாம் கைகழுவிய பிறகு. தூங்கி வழியும் கோழியை லோடிலிருந்து இறக்கினால் வெட்டாமல் தள்ளி வைத்துச் சொல்லுங்கள். நோய் கண்ட இடத்தில் கோழி அழிக்கும் வேலைக்குப் போனவர்களை, கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 10 நாள் தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

எனக்குக் காய்ச்சல். எப்போது சந்தேகப்பட வேண்டும்?

வெறும் காய்ச்சல் என்றால் நம் ஊரில் டெங்கு, சாதா ஃபுளூ, டைபாய்டு என்று ஆயிரம் காரணம். சீக்குக் கோழியையோ செத்த பறவையையோ தொட்ட பிறகு வந்த காய்ச்சல் என்றால் கணக்கு வேறு. பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள் வரும். இரண்டு வாரத்துக்கு மேல்கூடத் தாமதமாகலாம். காய்ச்சல், இருமல், தொண்டைவலி, உடம்பு வலி, கண் சிவப்பு, பிறகு மூச்சு வாங்கல்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக ‘வீட்டுல கோழி செத்துச்சுங்க, நான் தொட்டேன்’ என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வெளி நோயாளி வரிசையில் அவர் கேட்க மாட்டார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் பாரசிட்டமாலும் ஆன்ட்டிபயாடிக்கும் வாங்கிக்கொண்டு நாலு நாளை வீணாக்கிவிடுவீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104ஐக் கேளுங்கள். மூச்சுத் திணறினால் 108.

டாமிஃப்ளூ மாத்திரை வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம். ஓசெல்டாமிவிர் என்ற அந்த மருந்து காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அலமாரியில் பதுக்கினால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்காது. வருடாந்தர ஃபுளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் பண்ணையாட்களுக்கு அது நல்லது: ஒரே உடம்பில் இரண்டு வைரஸும் சேர்ந்து கலப்படம் ஆகும் வாய்ப்பு குறையும். பறவைக் காய்ச்சலுக்கான மனிதத் தடுப்பூசி கடையில் கிடைக்காது. பின்லாந்து 2024ல் ஆபத்துள்ள தொழிலாளர்களுக்குப் போட ஆரம்பித்தது.

கொரோனா மாதிரி ஊரடங்கு வந்தால்? என்ன வாங்கி வைக்க வேண்டும்?

மூட்டை மூட்டையாக அரிசி வேண்டாம். 2020ல் பார்த்துவிட்டோம்: அரிசி ரேஷனில் கிடைத்தது, கிடைக்காமல் தவித்தது சர்க்கரை நோய் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். தினமும் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் எப்போதும் ஒரு மாத இருப்பு இருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டர், பாரசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், இருபது முகக்கவசம், சோப்பு. பழைய ஆக்சிமீட்டர் மேசை டிராயரில் கிடந்தால் பேட்டரி மாற்றி வையுங்கள். பத்து நாள் ஒருவரைத் தனியாகப் படுக்கவைக்க வீட்டில் எந்த அறை, கழிப்பறை எது, யார் சாப்பாடு கொடுப்பது என்று பேசிவைப்பது இது எல்லாவற்றையும்விட மேல். மனிதருக்கு மனிதர் பரவுகிறது என்ற அறிவிப்பு வரும்வரை இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

வேடந்தாங்கல், கோடியக்கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். கோபுரத்தில் நின்று பார்ப்பதால் எதுவும் வராது. தண்ணீரில் இறங்க வேண்டாம், இறகு பொறுக்க வேண்டாம், செத்த பறவையைக் கண்டால் வனத்துறை ஆளிடம் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் செருப்பைக் கழுவிவிட்டுக் கோழிக்கொட்டகைப் பக்கம் போங்கள். இறகு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பான் பையன், அதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.